ஆடிப் பார்த்துக் கொடுத்த பெட்டி

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் நோர்வூட்டிலிருந்து உடப்புசல்லாவை வரைக்கும் என் கை பட்டு உயிர் வராத டிவி கிடையாது. கேசட் போட்டு ஆடுகிற அந்தப் பழைய வீடியோ கேம் பெட்டியும் நான் பிழைக்க வைத்ததுதான். அதை வைத்துத்தான் என் மகள் ஹட்டனில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் சொல்லிக் கொடுக்கும் வேலை கேட்டாள். ஆடிக்கொண்டிருக்கும் பெட்டிக்குள் புது விளையாட்டை எழுதுவேன் என்றாள்; செய்து காட்டினால் வேலை என்றார் அதன் தலைவர்.

எந்தக் கணத்தில் எந்தப் பொத்தான் என்று ஆயிரக்கணக்கில் பட்டியல் போட்டு ஒரு சின்ன சர்க்கியூட் போர்டில் ஏற்றியிருந்தாள். கைக்குப் பதில் அது அழுத்தும். ஓரிடத்தில் விளையாட்டு குழம்பி, அழுத்துகிற பொத்தான்களையே தனக்கான கட்டளையாக எடுத்துக்கொள்ளும். அப்போது எல்லார் கண் முன்னாலும் அதே பெட்டிக்குள் வேறொரு விளையாட்டை எழுதிவிடலாம்.

காலை பத்து மணி. நிலையத்து மாணவர்களோடு நானும் உட்கார்ந்திருந்தேன். பெட்டியைப் போட்டாள். பொம்மை ஓடியது, சுவரில் முட்டியது, முட்டிக்கொண்டே நின்றது.

"என்ன மிஸ், உங்க ஆளு செவுத்தோட சண்ட போடுறாரு?" பின்வரிசையில் சிரிப்பு.

மறுபடி போட்டாள். மறுபடியும் சுவர்.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ஒரே ஒரு தடவதான் மிஸ். எனக்கு மீட்டிங் இருக்கு."

"நேத்து சரியா ஓடுச்சே" என்று முணுமுணுத்தாள் மகள். ஓட்டிப் பார்க்காமல் ஒரு பெட்டியையும் நான் யார் கையிலும் கொடுத்ததில்லை. அன்று காலையும் அவள் குளிக்கப் போன நேரத்தில் ஆடிப் பார்த்துத்தான் பையில் வைத்தேன்.

அத்தனை பேர் முன்னால் எழுந்தேன். "புள்ள, காலையில நான் ஒரு ஆட்டம் ஆடிட்டேன்."

"ஐயோ அப்பா! சேவ் பண்ணீங்களா?"

"ஜெயிச்சேன்ல. கேட்டுச்சு, அமுக்கிட்டேன்."

சபை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. ஒன்றுமே பதியாத கேசட்டுக்குப் போட்ட பட்டியல் அவளுடையது. என் ஆட்டம் பதிந்திருந்ததால் முதல் திரையிலேயே பொத்தான்கள் இடம் தவறிவிட்டன. என் வெற்றியை அழித்துவிட்டு, கடைசித் தடவையாகப் போட்டாள்.

பொம்மை சுவரைத் தாண்டியது. படம் சிதறியது. "போச்சு" என்றார் யாரோ. திரை கறுத்தது.

தேயிலைத் தோட்டம் போலப் பச்சை வரிசைகள் எழுந்தன. கூடை சுமந்த ஒரு பெண் அவற்றின் நடுவே வந்து நின்றாள். மகள் போர்டைக் கழற்றிவிட்டு, ஆடும் கைப்பிடியைத் தலைவரிடம் நீட்டினாள். "இப்ப நீங்க கொழுந்து பறிங்க சேர்."

அவர் பறித்தார். மீட்டிங்குக்கு ஆள் வந்து கூப்பிட்டும் எழும்பவில்லை. "இத எப்படி மிஸ் உள்ள கொண்டு போனீங்க?"

"அதச் சொல்லிக் குடுக்கத்தான் சேர் வேல கேட்டேன்."

"திங்கக்கிழம எட்டு மணிக்கு வாங்க" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த வாய் அவளுக்கு யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.