ஜன்னல் சீட்டுக்கு ஒரு ஸ்தோத்திரம்

செவ்வாய்க்கிழமை காலை, வேலூர் பஸ்ஸில் சலோமி அக்காவுக்காக ஜன்னல் சீட்டில் பையைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தேன். பஸ் ஆரணியை விட்டுக் கிளம்பியும் அவர் வரவில்லை. கண்ணமங்கலம் தாண்டும்போது அவர் மகள் ஜென்சி போன் செய்தாள். "அம்மா போயிட்டாங்கண்ணா" என்றாள். கொஞ்ச நேரத்தில் எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவில் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று செய்தி வந்தது. நித்திரை என்ற சொல்லைப் பார்த்ததும் அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த பஸ்ஸில் அவர் ஒருநாளும் தூங்கியதில்லை. பக்கத்தில் இருப்பவரைத் தூங்க விட்டதும் இல்லை.

ஊரில் பலருக்கு அவரை அவர் கைகளால்தான் தெரியும். பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவர் கைகளை உயர்த்தினால், அந்த வாரம் எந்த நிறத்துக்கு ஆர்டர் என்று சபைக்கே தெரிந்துவிடும். ஒருமுறை திருவிருந்தின்போது முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "கைய நல்லா கழுவிகினு வரக் கூடாதா?" என்று முணுமுணுத்தார். அக்கா திரும்பி, "என் பாவத்த ஆண்டவர் கழுவிட்டாருங்க ஐயா. சாயந்தான் போவ மாட்டேங்குது" என்றார். பாத்திரத்தை ஏந்தி நின்ற பாஸ்டராலேயே சிரிப்பை அடக்க முடியவில்லை. பெரியவருக்கு உறுத்தியது சாயம் இல்லை, அந்தக் கை எங்கள் காலனியிலிருந்து வந்தது என்பதுதான். அது எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் அப்பத்தை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுச் சந்தோஷமாகப் பாடப் போய்விட்டார்.

பிறகு அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போயின. சர்க்கரை என்றார் டாக்டர். இருக்கலாம். ஆனால் அந்தப் பட்டறையில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. கொதிக்கிற அண்டாக்களுக்கு நடுவே நாளெல்லாம் நின்றுகொண்டு, போக இடமில்லை என்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருந்தவர் அவர். ஊர் ஊராகக் கல்யாணப் பெண்கள் உடுத்துகிற பட்டில் அந்தத் தாகமும் இருக்கிறது. இதை அழகாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

வேலை போனது. ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வாரம் இரண்டு முறை வேலூருக்குப் போனார். நான் அங்கே ஒரு செல்போன் கடையில் வேலை பார்ப்பதால் இருவருக்கும் ஒரே பஸ்.

எங்கள் சபையில் ஆராதனைக்கு நடுவே சாட்சி நேரம் உண்டு. வேலை கிடைத்தது, விசா வந்தது, கட்டி கரைந்தது என்று எழுந்து சொல்வார்கள். அக்காவும் எழுந்தார். "ஸ்தோத்திரம். நான் கேட்ட சுகம் இந்த வாரமும் கிடைக்கல. ஆனா வேலூர் பஸ்ல ஜன்னல் சீட்டு கிடைச்சுது. கர்த்தர் நல்லவர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஆமென் சொல்வதா வேண்டாமா என்று சபைக்குத் தெரியவில்லை. அடுத்த வாரமும் அதே கதை. சுகம் கிடைக்கல, நர்ஸம்மா ஊசியை ஒரே தடவையில் குத்திட்டாங்க, ஸ்தோத்திரம்.

ஒருநாள் வாசலில் பாஸ்டர் அவரை நிறுத்தினார். "அக்கா, கேக்கறவங்க விசுவாசம் தளர்ந்துடும். சுகம் கிடைச்ச அப்புறம் சாட்சி சொல்லுங்களேன்."

"சாட்சின்னா பார்த்தத சொல்றதுதான பாஸ்டர்? கோர்ட்டுலயும் அதத்தான கேக்கறாங்க?"

பாஸ்டர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். ஆனால் அதன்பிறகு சாட்சி நேரத்தில் அக்கா பக்கம் பார்ப்பதையும் பேசக் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார். முதன்முறையாக அக்கா பஸ்ஸில் பேசாமல் வந்தார். "நோவு கூட பரவால்லடா. வாயக் கட்டிட்டாங்களே, அதான் பேஜாரா கீது" என்றார்.

"அந்தச் சபையே வேணாம், விட்டுத் தொலைங்க" என்றேன்.

"நீ சும்மா இரு. அவரு வீட்டு விருந்துக்கா நான் போறேன்? என் அப்பன் வீட்டுக்குப் போறேன்."

பாஸ்டரின் மனதை மாற்றியது நானோ என் கோபமோ இல்லை. ஜெபித்தும் பிழைக்காத தன் குழந்தையைப் பறிகொடுத்த ஒரு பெண், வெகுகாலம் சபைப் பக்கமே வராதவர், அக்காவின் சாட்சியைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று பாஸ்டரிடம் கேட்டார்: "அந்தக் கலர் கை அக்கா இன்னிக்கி பேசுவாங்களா? பேசினா உள்ள வரேன்." பாஸ்டர் நல்ல மனிதர். ஒரு கணம் தரையைப் பார்த்தார். சாட்சி நேரம் வந்ததும் அவரே அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

அக்கா எழுந்தார். வேலையை விட்டபின் அவர் கைகள் வெளுத்திருந்தன. "ஸ்தோத்திரம். சுகம் கிடைக்கல. ஆனா நான் போய்ப் போய்க் கத்தினதுல பட்டறையில பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் கட்டிகினு கீறாங்க. கர்த்தர் நல்லவர்." கக்கூஸ் என்ற சொல்லைக் கேட்டு முன்வரிசை நெளிந்தது. பின்வரிசையிலிருந்து அந்தப் பெண்ணின் ஆமென் எல்லோருக்கும் முன்னால் வந்தது.

அடக்கத்தன்று வந்திருந்த வெளியூர் பாஸ்டர் ஒருவர், நம் சகோதரி பூரண சுகம் பெற்றுவிட்டார் என்று உருக்கமாகப் பிரசங்கித்தார். பிறகு எங்கள் பாஸ்டர் என்னைப் பார்த்து, "தம்பி, பஸ்ல கூடவே போனவன் நீ. சாட்சி சொல்லுப்பா" என்றார். எனக்குப் பிரசங்கம் வராது. பார்த்ததைச் சொன்னேன். "அக்காவுக்குச் சுகம் கிடைக்கல. கடைசி வரைக்கும் வலி இருந்துது. அந்த வலியோடதான் பாடினாங்க, நடிக்கல. பக்கத்து சீட்டுல உக்காந்து பார்த்தேன்." பாஸ்டர்தான் முதலில் ஆமென் சொன்னார்.

என் கோபம் போகவில்லை. அதை விடச் சொல்லி அவர் ஒருநாளும் கேட்டதில்லை. இல்லாததை இல்லை என்று உரக்கச் சொல்லிவிட்டு, இருப்பதற்கு நன்றி சொல்கிற அவருடைய பழக்கத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். நேற்றும் அதே பஸ்ஸில் போனேன். அக்கா வரவில்லை. ஜன்னல் சீட்டு கிடைத்தது. ஸ்தோத்திரம்.