கூண்டை எந்தப் பக்கம் திருப்புவது

விளக்குக்காரர் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் அவர் கையில் இருந்த முப்பத்தாறு வருடமும் அந்த இரும்புக் கலங்கரை விளக்கம் ஒரு நாள்கூட இருட்டில் நின்றதில்லை. சந்தேகம் இருப்பவர்கள் கப்பல்காரர்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

கடல் கரையை அரித்துக் கோபுரத்தின் காலடிக்கே வந்துவிட்டது. விளக்கை அணைத்து, தகடு தகடாகக் கழற்றி, ஊருக்குள் பூங்காவில் நிறுத்துவது என்று முடிவானது. பொறியாளர் தகடுகளுக்குப் பெயிண்டில் எண் போட்டார். விளக்குக்காரர் உளியால் கோடு வெட்டினார். லாரி வந்து சேர்வதற்குள் பாதி எண்கள் மழையோடு போயின. கோடுகளை வைத்துத்தான் கோபுரம் எழுந்தது. அதற்குக் கைம்மாறாக அவர் கேட்டது ஒன்றே ஒன்று: உச்சிக் கூண்டு கடலைப் பார்க்க வேண்டும்.

கூண்டுக்கு ஏழு பக்கம் கண்ணாடி. எட்டாவது பக்கம், வீடுகளில் வெளிச்சம் அடிக்காமல் இருக்க, இரும்புத் தகடு. கடல் கிழக்கே, தகடு மேற்கே.

கிரேன் கூண்டைத் தூக்கிய அன்று ஒரே மூட்டம். சுற்றிலும் கட்டடங்கள். அலைச் சத்தமும் இல்லை, உப்புக் காற்றும் இல்லை.

"ஐயா, கடல் எந்தப் பக்கம்? போன்ல பார்த்துடவா?" என்றார் பொறியாளர்.

"ஏம்ப்பா, மீனுக்கு நீச்சல் சொல்லித் தர்றியா? தினம் அது மூஞ்சியில முழிச்சவன் நான். போனை உள்ள வை."

கையை நீட்டினார். நீட்டிய பிறகுதான் அவருக்கே நிச்சயமில்லை என்று தெரிந்தது.

"பெரியவர் கை காட்டினா அப்பீலே இல்ல!" என்று சிரித்தபடி கிரேன்காரர் கூண்டை இறக்கினார்.

மறுநாள் காலை வெயில் அடித்தது. நேராக இரும்புத் தகட்டின் மேல். கூண்டின் முகம் பேருந்து நிலையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. படித்த மனிதரான பொறியாளர் வெயிலைப் பார்க்கவில்லை, போல்ட்டைப் பார்த்தார்.

"முடுக்கச் சொல்லட்டுமாங்க? கிரேன் கிளம்பப் போகுது. ஏதாவது மாத்தணும்னா இப்பவே சொல்லிடுங்க."

ஒரு வார்த்தை போதும். வெட்கமோ கோபமோ வரும் என்று விளக்குக்காரர் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. மரத்துப்போன காலைத் தொட்டால் அடுத்தவன் கால் போல் இருக்குமே, அப்படி இருந்தது.

"முடுக்கு" என்றார்.

வீட்டில் மகள் கேட்டாள். "கடலைப் பார்த்து வச்சாங்களாப்பா?"

"வச்சாச்சு."

"இப்ப திருப்திதானே?"

"சோத்தைப் போடும்மா."

போட்டாள். சாப்பிட்டார். கேட்காமலே இன்னொரு கரண்டி வைத்தாள். அதையும் சாப்பிட்டார்.