ஆயிரத்து நாற்பத்தொரு சிரிப்பு

பேகம்பூர்ப் பக்கம் எந்த வீட்டு நிக்காஹ் ஆனாலும் பெண்கள் கூடத்துக்குள் கேமராவோடு நுழைய ஒருத்திக்குத்தான் உரிமை இருந்தது. பெயர் பாஸிலா, வயது முப்பத்தாறு. எந்த ஸ்டூடியோவிலும் சம்பளத்துக்கு இல்லை. கூப்பிட்ட வீட்டுக்குப் போய் எடுத்துக் கொடுக்கிறவள். அவளிடம் என்ன கேமரா, என்ன லென்ஸ் என்று ஒருத்தியும் விசாரித்ததில்லை. வாக்கு ஒன்றைத்தான் வாங்கிக்கொண்டார்கள். இந்தப் பெட்டிக்குள் விழுந்த முகத்தை எந்த ஆம்பளைக் கண்ணும் பார்க்கக் கூடாது.

அந்த வாக்கை நம்பித்தான் கூடத்துக் கதவு சாத்தப்படும். சாத்திய பிறகு பார்க்க வேண்டும் கூத்தை! வெளியே வாய் திறக்காத மருமகள்கள் மாமியார் மாதிரி நடந்து காட்டுவார்கள். மாமியார்கள் மருமகள் மாதிரி மூக்கைச் சிந்திக் காட்டுவார்கள். ஒருமுறை அவர்கள் சிரித்த சிரிப்பில் ட்யூப்லைட் இரண்டு கழன்று விழுந்தன. மூன்றாவது, விழலாமா வேண்டாமா என்று ஆடிக்கொண்டே இருந்தது.

ஆல்பம் கல்யாண வீட்டுக்கு. அதற்குமேல் ஒவ்வொரு விசேஷத்திலும் தனக்கென்று சில படங்கள் கேட்டு வாங்குவாள் பாஸிலா. "லாத்தா, ஒங்க சிரிப்பு ஒண்ணு எனக்கு வேணும்." கொடுத்தார்கள். ஒருத்திக்கு ஒரு சிரிப்பு என்று பத்து வருஷத்தில் ஆயிரத்து நாற்பது சேர்ந்தன. எல்லாவற்றையும் சின்னாளப்பட்டிப் பருத்தித் துணியில் ஆள் உயரத்துக்கு அச்சடித்து, ஒரு மண்டபம் முழுக்கத் தொங்கவிட வேண்டும். ஒரே ஒரு நாள், பெண்கள் மட்டும் வந்து நடுவில் நடந்து பார்க்க வேண்டும். அவள் உயிரை வைத்திருந்தது அதில்தான். மண்டபம் கூடப் பேசி வைத்துவிட்டாள்.

கிடைக்காத சிரிப்பு ஜெய்தூன் பீவியுடையது. தோல் மண்டிக்காரர் வீட்டு அம்மா, அறுபத்திரண்டு வயது. பல்லைக் கடித்துக்கொண்டே பிறந்தவர் என்று தெருவில் பேச்சு. அவர் பார்த்தால் பால் திரிந்துவிடும் என்பதை நான் நம்பவில்லை. தயிர் புளித்ததை மட்டும் பார்த்தவர்கள் உண்டு.

அவர் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில்தான் அது நடந்தது. கீழே ஆண்கள், மாடியில் பெண்கள். இரண்டு இடத்திலும் சுவர் அகலத்துக்குத் திரை. கீழே எடுத்தவன் ஃபயாஸ். கேமரா காட்டுவதைத் திரைக்கு அனுப்ப அவனுக்கு ஒரு சின்னப் பெட்டி, பாஸிலாவுக்கு ஒன்று. இரண்டையும் வேறுவேறு எண்ணில் வைக்க வேண்டும். ஃபயாஸ் இரண்டையும் மூன்றாம் எண்ணில் வைத்தான். நிக்காஹ் முடிந்ததும் தன் பெட்டியை அணைத்துவிட்டு பிரியாணிக்குப் போனான். துணையில்லாமல் நின்ற கீழ்த்திரை மாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டது.

மாடியில் அப்போது ஜெய்தூன் பீவி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு எழுந்திருந்தார். என்ன வந்ததோ அன்றைக்கு! தன் மகன் சனாவுல்லா மண்டியில் தோல் வாங்குகிற அழகை நடித்தார். தோலை முகர்ந்து, முகத்தைச் சுளித்து, விலை சொன்னவனை ஏற இறங்கப் பார்த்து, லுங்கி நுனியால் மூக்கைத் துடைத்து... பெண்கள் விழுந்து புரண்டார்கள். அவர்களைப் பார்த்து அவருக்கும் தாங்கவில்லை. அறுபத்திரண்டு வருஷத்துச் சிரிப்பு மொத்தமாக வந்தது. பாஸிலா படபடவென்று அமுக்கினாள். ஆயிரத்து நாற்பத்தொன்று!

கீழே முந்நூறு ஆண்கள் எலும்பை வாயருகே பிடித்தபடி உறைந்திருந்தார்கள். திரையில் பன்னிரண்டு அடி ஜெய்தூன் பீவி, ஒவ்வொரு பல்லும் செங்கல் அளவு. நடுப் பந்தியில் சனாவுல்லா.

ஃபயாஸ், "கோளாறாப் போச்சு மாமு, மன்னிச்சிருங்க" என்றான். அதோடு அவன் கணக்குத் தீர்ந்தது. மறுவாரமே இன்னொரு கல்யாணம் எடுத்தான். பாஸிலாவுக்குத்தான் தீரவில்லை. மண்டியில் சனாவுல்லா தோலைத் தூக்கினால் எதிரில் நிற்பவர்கள் எல்லாம் மூக்கைத் துடைத்தார்கள். அவன் அம்மாவிடம், "ஒன் மொகத்தப் பாத்தாச் சோறு எறங்கலம்மா" என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போனான்.

மூன்றாம் நாள் ஜெய்தூன் பீவி பாஸிலா வீட்டுக்கு வந்தார். பின்னால் பதினேழு பெண்கள்.

"இம்புட்டு நாளு எங்க மொகத்தையெல்லாம் சேத்து வச்சிருக்கியாமே? அழி."

"மாமி, ரெண்டு பெட்டியயும் ஒரே நம்பர்ல வச்சது ஃபயாஸு. இந்தப் படத்த நான் ஒருத்தருக்கும்..."

"எவன் வச்சா என்னடி? கேமரா ஓங் கையில இருந்துச்சா இல்லியா? அழி."

அழிக்குமுன் தன்னுடையதை ஒருதரம் பார்க்க வேண்டும் என்றாள் ஒருத்தி. உடனே எல்லோருக்கும் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் முன்னால் வரிசை நின்றது. "ஏ, அப்ப எம்புட்டு ஒல்லியா இருந்திருக்கேன் பாரு!" "போடி, பல்லப் பாரு, தேங்கா துருவி!" செத்த நேரம் கல்யாண வீடு மாதிரியே இருந்தது. பாஸிலா டீ கூடப் போட்டுக் கொடுத்தாள். மனசு மாறிவிடுவார்கள் என்று நினைத்தாள், பாவம்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பாத்தாச்சுல்ல, அமுக்கு" என்றார் ஜெய்தூன் பீவி.

"என்னால ஏலாது. நீங்களே அமுக்கிருங்க."

அவர் விரலை நீட்டினார். திரையில் ஒரு வரி வந்தது.

"என்னடி எழுதியிருக்கு?"

"நெசமா அழிக்கவான்னு கேக்குது மாமி."

"ஒருதரம் சொன்னா வெளங்காதா? எம் மருமகளாட்டம் ரெண்டாந்தரம் கேக்குது." மறுபடி அமுக்கினார். பெண்கள் சிரித்தார்கள். ஆயிரத்து நாற்பத்தொன்றும் போயின.

வேறெங்கும் இல்லை என்று பாஸிலா சத்தியம் செய்தாள். பொய் இல்லை, அவளுக்கே நினைவில்லை. மறுநாள் பையைத் தட்டியபோது அந்தக் கல்யாணத்தில் கேமராவில் கடைசியாகப் போட்ட மெமரி கார்டு விழுந்தது. போட்டுப் பார்த்தாள். பத்து வருஷத்தில் மிஞ்சிய ஒரே சிரிப்பு ஜெய்தூன் பீவியுடையது. கார்டைக் கண்ணுக்கு இடும் சுர்மா டப்பாவில் போட்டு மூடினாள்.

அப்புறம் எந்தப் பெண்கள் கூடமும் அவளைக் கூப்பிடவில்லை. ஆன்லைனில் விற்கிறவர்களுக்குப் பூட்டுகளைப் படம் எடுத்தாள். வெள்ளை அட்டையில் பூட்டு, பக்கத்தில் சாவி. பூட்டிடம் போய்ச் சிரி என்று சொல்ல முடியுமா? தொப்பம்பட்டியில் விற்பனைக்கு நின்ற எருமை ஒன்றுதான் நாலு மாதத்தில் அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

நாலாம் மாதக் கடைசியில், ஒரு மத்தியானம், ஜெய்தூன் பீவி தனியாக வந்தார். முக்காட்டை வாய்வரை இழுத்துப் பிடித்திருந்தார். உட்கார்ந்து விலக்கினார். இடது பக்க முகம் தொங்கி, வாய் கோணியிருந்தது. ஒரு காலையில் எழுந்தபோது இப்படி ஆகிவிட்டதாம். திரும்பினாலும் திரும்பும், இல்லாவிட்டாலும் இல்லை என்றாராம் டாக்டர். "இனிமே அம்மாவால யாரையும் நடிச்சுக் காட்ட முடியாது" என்றானாம் மகன்.

"அன்னிக்கு எடுத்தியே," என்றார். சொல் ஒரு பக்கமாக ஒழுகியது. "நான் சிரிச்சது. ஒண்ணாச்சும் இருக்கா?"

பாஸிலா மேஜைமேல் கிடந்த பூட்டுகளை ஒதுக்கி வைத்தாள்.

"கண்ணாடியில வேற எவளோ இருக்கா. எம் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னே மறந்துபோச்சு. ஒருதரம் பாத்துக்கிறேன்."

பாஸிலாவின் கை சுர்மா டப்பாமேல் போனது. அன்றைக்கு நான் செய்தது தப்பு மகளே என்று ஒரு சொல் வந்திருந்தால், அது கோணல் வாயிலிருந்து வந்திருந்தாலும், எடுத்துக் கொடுத்திருப்பாள்.

"என்னடி முழிக்கிற? நீ ஒளிச்சு வைக்கிறவன்னு எனக்குத் தெரியும். இருந்தா எடு."

பாஸிலா டப்பாவைத் திறந்தாள். கேமராவில் இருந்த காலிக் கார்டை உருவி மேஜைமேல் வைத்தாள். டப்பாவில் இருந்ததைச் சொருகினாள்.

"நீங்கதான மாமி அழிச்சீங்க, ஒங்க வெரலால? இப்ப ஒண்ணு சிரிங்க. புதுசா எடுத்துத் தாரேன்."

ஜெய்தூன் பீவி அவளையே பார்த்தார். கண் நிறைந்தது, இடது கண் மூடவில்லை, அதனால் அதில்தான் முதலில் வழிந்தது. ஆனால் எழுந்து போகவில்லை. முக்காட்டை முழுக்க இறக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எடு. எப்பிடித்தான் இருக்குன்னு பாப்போம்."

பாஸிலா கேமராவை முகத்தருகே கொண்டுபோனாள். பின்பக்கத்துச் சின்னத் திரையில், தலையில் துண்டோடு, அத்தனை பல்லும் தெரிய, அன்றைய முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

"என்ன பாக்குற?"

"ஒண்ணுமில்ல மாமி. கார்டுல எடமில்ல. செத்த இருங்க."

அமுக்கினாள். நிஜமாக அழிக்கவா என்று அதுவும் கேட்டது. இரண்டாந்தரம் அமுக்கினாள்.

"எடம் வந்திருச்சு மாமி. சிரிங்க."