நாற்பது பையும் இரண்டு கிலோ அல்வாவும்

புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு லிவர்பூல் கப்பல் எங்களை பெல்ஃபாஸ்ட் துறைமுகத்தில் இறக்கிவிட்டது. எங்களை என்றால், என்னையும் லெஸ்டரில் குடியிருக்கும் என் மைத்துனன் சாகுலையும் அவனுடைய வேனையும். வேனுக்குள் நாற்பது தோல் பைகள், தாராவியில் என் பட்டறையில் தைத்தவை. மும்பையிலிருந்து விமானத்தில் லெஸ்டர் வந்து, அங்கே தீர்வை கட்டி, சாகுல் வீட்டில் மறுபடி பெட்டி கட்டினோம். போய்ச் சேர வேண்டிய இடம், டண்டாக் ஊரில் ஒரு பெண்மணி சனிக்கிழமை திறக்கப்போகும் கடை. நாற்பதும் அன்று அந்தக் கடைச் சுவரில் தொங்கினால் கிறிஸ்துமஸுக்கு முந்நூறு பைக்கு ஆர்டர். அதை நம்பி, குர்லாவிலிருந்து வந்த பெல்ட் வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டு ஏழு பேர் என் பட்டறையில் காத்திருந்தார்கள்.

போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். அயர்லாந்துத் தீவின் வடக்கு பிரிட்டனுக்குச் சொந்தம், பெல்ஃபாஸ்ட் அதில்தான். தெற்கு தனி நாடு, டண்டாக் அங்கே. இரண்டும் ஐரோப்பிய வணிகக் கூட்டமைப்பில் இருந்தவரை சரக்கு கேள்வியில்லாமல் போய்வந்தது. பிரிட்டன் விலகியது, தெற்கு விலகவில்லை. நடுவில் இருக்கும் தரை எல்லையில் சாவடி வைத்தால் பழைய ரத்தப்பகை திரும்பும் என்று எல்லோருக்கும் பயம். நியாயமான பயம்தான். அதனால் சோதனையைத் துறைமுகத்துக்குத் தள்ளிவிட்டார்கள். இப்போது ஒரே நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போகும் பெட்டியைப் பிரித்துப் பார்க்கிறார்கள்.

எங்கள் காகிதங்களையெல்லாம் சுங்க ஏஜென்ட் சரியாகத்தான் முடித்துக் கொடுத்திருந்தார். அதிகாரியும் மரியாதையாகத்தான் பேசினார். மூன்றாவது பெட்டியைத் திறந்ததும், பைகளுக்கு நடுவே இருந்த எவர்சில்வர் டப்பாவை எடுத்து, "இது என்ன?" என்றார்.

புது வாடிக்கையாளருக்கு முதல் சரக்கு போகும்போது இனிப்பு வைக்காமல் எங்கள் பட்டறையில் பெட்டியை ஒட்டியதே இல்லை. லெஸ்டரில் சாகுலின் மனைவி கிண்டிய இரண்டு கிலோ அல்வாவை என் கையால்தான் உள்ளே வைத்தேன்.

"பால் பொருள் சேர்த்ததா?"

"சுத்தமான நெய்," என்றேன், பெருமையாக வேறு.

அத்துடன் முடிந்தது. காகிதத்தில் தோல் பை என்று மட்டும்தான் இருக்கிறதாம். சொல்லாமல் கொண்டுவந்த உணவு, அதிலும் சான்றிதழ் இல்லாத நெய். மொத்தச் சரக்கும் திங்கட்கிழமை வரை நிற்கும், அல்வாவை அழித்துவிடுவோம் என்றார். அல்வாவைக் குப்பையில் போடுங்கள், பைகளை விடுங்கள் என்று கெஞ்சினேன். ஒரே காகிதம், ஒரே சரக்கு, பிரிக்க முடியாது என்று முடித்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி அவர்மேல், பாதி என்மேல்.

சாகுல் வேனின் கதவை அறைந்து சாத்தினான். "மச்சான், முன்ன இதே வண்டில சமோசா, பிரியாணின்னு என்னவெல்லாம் ஏத்திட்டு வந்திருக்கேன். ஒரு பய திரும்பிப் பாத்ததில்ல. இப்ப அல்வாவுக்குப் போய் இம்புட்டு லப்டா! நீங்க கௌம்புங்க. அந்தம்மாவ நேர்ல பாத்துப் பேசுங்க. இங்க நான் பாத்துக்கிடுதேன்."

என் பாஸ்போர்ட்டில் இரு நாட்டுக்கும் செல்லும் விசா இருந்தது. மாதிரிக்கு வைத்திருந்த ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நியூரிக்கு பஸ் ஏறினேன். அறுபது கிலோமீட்டர், ஒன்பது பவுண்டு. அங்கிருந்து டண்டாக்குக்கு வேறு பஸ், இருபது கிலோமீட்டர் சொச்சம். மணி பதினொன்றரை இருக்கும். எல்லை எப்போது வரும் என்று டிரைவரிடம் கேட்டேன்.

"அது போய் ரெண்டு நிமிஷம் ஆச்சு," என்றார்.

திரும்பிப் பார்த்தேன். புல்வெளி, ஆடுகள். சாலையோரக் கோடு வெள்ளையிலிருந்து மஞ்சளாகியிருந்தது. வேகப் பலகையில் மைல் போய்க் கிலோமீட்டர் வந்திருந்தது. அவ்வளவுதான். மும்பைக்காரனுக்கு நாகா என்கிற சோதனைச்சாவடி புதிதல்ல. முலுண்டில் ஆக்ட்ராய் என்ற நுழைவு வரி கட்ட லாரிகள் வரிசையாக நின்ற காலத்தைப் பார்த்தவன் நான். ஆனால் அது ஊர் எல்லையில் இருந்தது, திட்டுவதற்கு அங்கே ஓர் ஆளும் இருந்தான். இங்கே யாரைத் திட்டுவது? ஆட்டையா?

டண்டாக்கில் கடைக்காரப் பெண்மணி தேநீர் கொடுத்தார். பையை வாங்கித் தையலைத் தடவிப் பார்த்தார், பிடித்திருந்தது என்று முகமே சொன்னது. "ஆனால் காலிச் சுவரோடு கடை திறக்க முடியாது," என்றார். துறைமுகத்திலிருந்து சாகுல் போன் செய்ததுமே அவர் இத்தாலிக்காரர் ஒருவரிடம் பேசிவிட்டாராம். கூட்டமைப்புக்குள்ளேயே வரும் சரக்கு. வெள்ளிக்கிழமை லாரியில் வந்துவிடும். கிறிஸ்துமஸ் ஆர்டரும் அவருக்குத்தான் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நாங்கள் யாருடனும் கூடவுமில்லை, யாரைவிட்டும் விலகவுமில்லை. அவர்கள் வீட்டுப் பாகப்பிரிவினையில் என் பட்டறைக்கு அடி.

மூன்று மணிக்கு டண்டாக் பஸ் நிலையத்தில் நின்றபோது தாராவியிலிருந்து போன். பட்டறையில் தோல் வெட்டும் மாரியப்பன்.

"பாய், தோல் வாங்கிப் போட்டுரட்டுமா? பசங்க கேக்கானுவ."

"வேண்டாம்ப்பா. குர்லாக்காரன் கிட்ட அந்த பெல்ட் வேலை இன்னும் இருக்கான்னு கேட்டுப் பாரு."

அவனுக்குப் பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்கவில்லை.

"என்ன பாய், எல்லைல புடிச்சுட்டானுவளா?"

"எல்லையில யாருமே இல்லப்பா," என்றேன்.