எழுப்பாமல் விட்ட தூக்கம்

நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குபவரை எழுப்பக்கூடாது. நெய்வேலியில் சுரங்கத் தொழிலாளியின் மனைவிக்கு இதுதான் முதல் பாடம். இருபது வருடமாகப் பகலில் குக்கர்கூட வைக்காதவள் நான்.

போன மார்கழியில் ஷிப்ட் முடிந்த கையோடு கிளம்பி, மலைக்காட்டு ஏரிக்கரையில் ஒரு மரக்குடிலுக்குப் போனோம். போனதும் அவர் படுத்துவிட்டார். நல்ல குளிர். வராந்தாவில் குளிர்காய மூட்டி வைத்திருந்த கரியடுப்பை உள்ளே நகர்த்தினேன். குவார்ட்டர்ஸில் செய்வதுபோலவே, வெளிச்சம் படாமல் ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் துண்டைச் செருகிவிட்டு ஏரிப் பக்கம் போனேன். பனி நீர்மேல் நடந்துகொண்டிருந்தது. கூடவே நானும் நடந்தேன்.

திரும்பியபோது குடிலின் சமையல்காரர் கதவுக்கு வெளியே டீயோடு நின்றார்.

"எழுப்பாதீங்கண்ணே, நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்திருக்காரு."

"இங்க இருந்த கரியடுப்பு எங்கம்மா?"

"உள்ளதான். புகையே இல்லையே."

"கரியோட விஷவாயு கண்ணுக்குத் தெரியாதும்மா, ஆளச் சாய்ச்சிடும்!"

டீயைக் கீழே போட்டுவிட்டுக் கதவைத் தள்ளினார். இருவருமாக அவரை வெளியே இழுத்துவந்தோம். கன்னத்தைத் தட்டித் தட்டி என் கை மரத்தபிறகே இருமினார். கண் திறந்து, "ஏன்டி எழுப்புன?" என்றார். அடிவாரத்து ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள்.

இப்போது எங்கே தங்கினாலும் நெருப்பு வாசலுக்கு வெளியேதான். அவர் பகலில் தூங்கினால் மணிக்கொருமுறை "என்னங்க" என்கிறேன். எரிச்சலாக ஒரு "ம்ம்" வரும்வரை நகர்வதில்லை.