என் பெயரில் உளுந்து

யாழினி நான் பெற்ற பிள்ளை அல்ல. ரெங்கம் என்ற ஊரிலிருந்து கைக்குழந்தையாகத் தூக்கி வந்து லாபிஸில் வளர்த்தோம். பதினாறு வயதாகியும் அவளிடம் அதைச் சொல்லவில்லை.

ஒருநாள் ஒரு கோப்பை உப்புத் தண்ணீரை என்னிடம் நீட்டினாள்.

"அம்மா, இதுல வாய் கொப்பளிச்சுத் துப்புங்க. ஸ்கூல்ல டி.என்.ஏ. எடுக்கச் சொல்லித் தந்தாங்க. என்னோடதும் உங்களோடதும் எடுக்கப் போறேன்."

கோப்பையை வாங்கிக்கொண்டேன். என்னுடையது எதற்கு? டீச்சர் ஏதாவது கிளறிவிட்டாரா? சொந்தக்காரர்கள் யாராவது உளறிவிட்டார்களா? அடுப்படிக்குள் போய், தோசைக்கு அரைத்திருந்த உளுந்தில் கொஞ்சம் எடுத்து அந்தத் தண்ணீரில் கலக்கி, நான் துப்பியது என்று கொடுத்தேன்.

அவள் தன்னுடையதையும் அதையும் இரண்டு சின்னக் குப்பிகளில் எடுத்து, பாத்திரம் கழுவும் சோப்பும் அன்னாசிச் சாறும் விட்டு, மேலே குளிர்ந்த ஸ்பிரிட்டை மெல்ல ஊற்றினாள். டி.என்.ஏ. வெள்ளை நூலாக மிதந்து வந்தது. உளுந்தில்தான் அதிகம்.

"அலமாக்! உங்களுக்குத்தாம்மா நிறைய!" என்று வியந்தாள்.

"இத வச்சு என்ன கண்டுபிடிப்பீங்க?" என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஒண்ணும் இல்ல லா. பார்த்தா எல்லாருதும் ஒரே மாதிரிதான் இருக்கும். மரபணுவ வெட்டி மாத்துறதெல்லாம் அடுத்த வாரம்தான் சொல்லித் தருவாங்க."

இரண்டு குப்பிகளையும் ஒரே கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அவள் எதையும் தேடவில்லை. ஒளித்துவைத்திருந்தவள் நான்தான்.

முதலில் உளுந்தைப் பற்றிச் சொன்னேன். வயிறு வலிக்கச் சிரித்தாள். மற்றதையும் சொல்ல, அந்தச் சிரிப்பு அடங்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.