நான் போலி என்று சொன்ன மாப்பிள்ளை படம்

மலேசியாவின் ஜொகூர் பாருவில் பேனர் அச்சடிக்கும் கடை ஒன்றில் வேலை செய்கிறேன். முன்பெல்லாம் பிறந்தநாள், திருமணம் என்று வருகிறவர்கள் சொந்தப் படங்களைக் கொண்டுவருவார்கள். இப்போது பாதிப் பேர் அனுப்புவது ஏஐ செய்துகொடுத்த படம். ஃபோனில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். பேனர் அளவுக்குப் பெரிதாக்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும். புடவைக் கரை ஒரு டிசைனில் மடிப்புக்குள் போய் வேறு டிசைனில் வெளியே வரும். ஒரு காதில் ஜிமிக்கி, மறு காதில் தோடு. பின்னால் இருக்கும் போர்டில் தமிழ் மாதிரி ஏதோ எழுதியிருக்கும், ஆனால் அதில் ஓர் எழுத்துகூட நம்முடையதாக இருக்காது. இப்படிக் கண்டுபிடித்துச் சொல்லிச் சொல்லியே எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு வரன் வந்தது. அக்கா நர்ஸ். வயது முப்பத்தெட்டு. கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். அன்று தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்தவள், தானாகவே என் பக்கத்தில் உட்கார்ந்து ஃபோனை நீட்டினாள்.

"பாடகர் குழு ஆன்ட்டி அனுப்பினாங்க. மூவார்ல ஃபர்னிச்சர் செய்யறவராம். பாரேன்."

அவள் முகத்தில் அப்படி ஒரு வெட்கத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. நானோ மாப்பிள்ளையைப் பார்க்கவே இல்லை. படத்தைத்தான் பார்த்தேன். முகம் மாவு பூசினது மாதிரி வழவழவென்று இருந்தது. பின்னாலிருந்த போர்டில் பாதி எழுத்தைக் காணோம். நாற்காலியின் முதுகில் ஒரு கையை வைத்திருந்தார். பெரிதாக்கி எண்ணினேன். ஆறு விரல்.

"அலமாக்! இது ஏஐ, அக்கா. யாரோ ஆன்ட்டிய நல்லா ஏமாத்தியிருக்காங்க."

அக்கா ஃபோனை வாங்கிக்கொண்டாள். நான் அதோடு விட்டிருக்கலாம். ஆன்ட்டியை ஃபோனில் கூப்பிட்டு, "இப்படி ஒரு ஆளே கிடையாது, ஜாக்கிரதையா இருங்க" என்று வேறு சொல்லிவிட்டேன்.

"ஆளே இல்லயா? அவங்க அம்மாகூட காலையிலதான் பேசினேன்!" என்று ஆன்ட்டி கத்தியது ஸ்பீக்கர் போடாமலேயே அக்காவுக்குக் கேட்டது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நம்பர் குடுங்க ஆன்ட்டி, நானே பேசறேன்" என்று ஃபோனைப் பிடுங்கினாள்.

வீடியோ காலில் அந்த மனிதர் பட்டறையில் நின்றிருந்தார். தலை, புருவம் எல்லாம் மரத்தூள். படத்திலிருந்த அதே போர்டு பின்னால் தொங்கியது, பாதி எழுத்தைத் தூள் மூடியிருந்தது. அக்கா பேஷண்ட்டிடம் பேசுவது போலவே பேசினாள்.

"தப்பா நினைக்காதீங்க. உங்க கையைக் கொஞ்சம் காட்டுங்க."

அவர் முதலில் விழித்தார். பிறகு சத்தமாகச் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார். சுண்டு விரலுக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி விரல்.

"பொறந்ததுல இருந்தே இருக்குங்க. படத்துல என் தங்கச்சி மூஞ்சிய ஃபில்டர் போட்டுக் கெடுத்துட்டா. கையை மட்டும் மாத்த வேணாம்னு நான்தான் சொன்னேன். பின்னால தெரிஞ்சு யாரும் வருத்தப்படக் கூடாதில்ல."

எனக்குச் சோபாவுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். "என்னை எச்சரிச்ச நிபுணர் இங்கதான் இருக்கா, பேசறீங்களா?" என்று ஃபோனை என் பக்கம் திருப்பினாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல லா, எண்ணாமலே சரின்னு சொல்றவங்களைவிட எண்ணிப் பாக்கறவங்க நல்லவங்க" என்றார். அந்த அழைப்பு ஒரு மணி நேரம் நீண்டது. பாதியிலேயே நான் எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது அக்கா மூவாரில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறாள். கல்யாண பேனரை நான்தான் அச்சடித்தேன், ஃபில்டர் போடாத படத்தை வைத்து.

அதற்குப் பிறகு விரலையும் காதையும் மட்டும் நம்பி நான் தீர்ப்புச் சொல்வதில்லை. படம் யாரிடமிருந்து வந்தது, அந்த இடத்தில் நமக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்க்கிறேன். போன மழைக்காலத்தில், கோத்தா திங்கியில் வெள்ளம் வந்து ரோட்டில் முதலை நீந்துகிறது என்று ஒரு படம் சுற்றியது. பல் எண்ண உட்காராமல், அங்கே இருக்கும் தோழிக்கு ஃபோன் போட்டேன்.

"முதலையா?" என்றாள். "நீ வேற! இங்க நல்ல வெயில், நான் மெத்தையைக் காயப் போட்டுக்கிட்டு இருக்கேன்."